முந்திரிக் கடைக் கம்ப்யூட்டர்

...அதான் தம்பி, லேபிள் பாதி வரும்போதே படுத்துக்குது. காலைல ஆன் பண்ணா கன்னுக்குட்டி மாதிரி துள்ளுது. கொஞ்ச நேரம் போனா திரை நீலமாயிடுது, அப்புறம் கருப்பு, அப்புறம் ஒண்ணுமில்ல. மதியம் திருச்சி ஸ்வீட் கடைக்காரர் வண்டி வருது. லேபிள் இல்லாத டப்பாவ ஏத்த மாட்டேன்னுட்டாரு. நேரா எதிர்த்த கட சின்னதுரைகிட்ட போயிடுவாரு... அவன் பல்லக் காட்டுவான், அத நான் பாக்கணும்.

அரியலூர்லேருந்து வந்திருக்கீங்க, சரி. கூலிய இப்பவே பேசிடுவோம். நீங்க கேட்டதுல பாதி. இந்த சாமிதுரைகிட்ட பேரத்துல ஜெயிச்சவன் உடையார்பாளையத்துலயே கெடையாது. வேணும்னா ஒடஞ்ச பருப்பு ஒரு பொட்டலம் தரேன்.

பழசுதான், இல்லேங்கல. திருமானூர்ல ஒரு பிரவுசிங் சென்டர மூடுறப்ப அள்ளிட்டு வந்தது. மேசையும் ஓசி. ஆனா பழசுனால இல்ல தம்பி, எல்லாம் எம்பொண்டாட்டி தனத்தால. சாயங்காலமானா இதுல சீரியல் பாக்குறா, வைரஸ் ஏறிடுச்சு. ஒரு வாரமா அவகிட்ட பேச்சே இல்ல. முன்னால ஒருத்தன் வந்து விண்டோஸ மாத்திப் போட்டான். இன்னொருத்தன் பொட்டியத் தொறக்கணும்னான், போடா வெளியன்னுட்டேன். இந்தப் பூன வேற, எந்நேரமும் அது மேலயே படுத்துக் கெடக்குது. ச்சூ, எறங்கு.

அதுவா? சாக்கு. சுண்ணாம்புக்கல் லாரி போற ரோடு, கட முழுக்க வெள்ள மாவு. அதான் சந்து பொந்து விடாம டேப்பு ஒட்டி, மேல சாக்கப் போட்டு மூடிருக்கேன். எங்கையால ஒட்டுனது. முந்திரி யாவாரிங்க நான். காத்துப் பட்டா பருப்பே நமுத்துடும், மிஷினு என்னாகும்...

ஏன் அப்படிப் பாக்குறீங்க? உரிக்காதீங்க. உரிக்காதீங்கன்னு சொல்றேன்ல... அடேயப்பா, கைய வைக்க முடியல. முந்திரி வறுக்கிற சட்டியாட்டம் கொதிக்குது.

ஆறட்டுமா? சரி, ஆறட்டும்.

...ஓடுது. லேபிளும் வருது. நிக்காம வருது தம்பி. அப்ப இதுக்கு... காத்து வேணுமா?

மெதுவா பேசுங்க. அந்தா, தனம் காப்பி கொண்டாரா. வைரஸுன்னே சொல்லிடுங்க. நீங்க கேட்ட கூலி முழுசா தரேன். ஏன் பேச மாட்டேங்கிறீங்க? சரி, மேல ஒரு அம்பது. இன்னுமா? வாசப்படி ஏறிட்டா தம்பி... ஒரு கிலோ பருப்பு எடுத்துக்குங்க. ஒடஞ்சது இல்ல. முழுப் பருப்பு.