சென்னியப்பனோடு எனக்கிருந்த வழக்கு

சந்தைக்குத் தனியாக வண்டி கட்டிக்கொண்டு போவதைப் போலச் சலிப்பான வேலை வேறில்லை. கொழிஞ்சாம்பாறைக்கு ஆறு மைல். மாட்டோடு எவ்வளவு நேரம்தான் பேசுவது? பக்கத்தில் பேச ஒரு ஆள் வேண்டும். எனக்குச் சென்னியப்பன் இருந்தான். அடுத்த தோட்டத்துக்காரன். பதினான்கு வருஷம், வாரம் தவறாமல் என் வண்டியில் வந்தான். அவன் மேல் எனக்கு ஒருநாளும் விரோதம் இருந்ததில்லை. அபிப்பிராய பேதம்தான்.

நடப்பதெல்லாம் தலையெழுத்துப்படிதான் நடக்கிறது என்பது என் கட்சி. மனுசன் நினைத்ததுதான் நடக்கிறது என்பது அவன் கட்சி. வண்டி புறப்படும்போது ஆரம்பித்தால் சந்தையில் மாட்டை அவிழ்க்கும்வரை ஓயாது. இதற்காக நாங்கள் ஒருநாளும் முகம் கோணியதில்லை.

ஒரு கோடையில் நீரோட்டம் பார்க்கிறவரை வரவழைத்தோம். இரண்டு பேர் நிலத்திலும் நடந்து பார்த்துவிட்டு, தண்ணீர் என் பக்கம்தான் என்றார். நான் கிணறு வெட்டினேன். பாறை வந்தது. அவர் ஆகாது என்று சொன்ன இடத்திலேயே சென்னியப்பன் வெட்டினான். முப்பதடியில் ஊற்று பீறிட்டது.

"விதியப்பா" என்றேன்.

"விதியா? மனசு வெச்சா பாறையும் ஊறும் கந்தப்பா" என்றான்.

கூடியிருந்தவர்கள் சிரித்தார்கள். என் மனைவி மருதாத்தாளும் சிரித்தாள். எனக்கு அதில் ஒன்றுமில்லை. ஆனால் ஒரு மனிதன் தப்பான எண்ணத்தோடு காலம் தள்ளுவதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பது சிநேகிதம் ஆகாது என்று அன்று தோன்றியது.

ரோசனை பண்ணினேன். ஆயுசு முடியாதவனை யாராலும் கொல்ல முடியாது. முடிந்தவனை யாராலும் காப்பாற்ற முடியாது. ஆகவே நடுவில் நான் எதைச் செய்தாலும் அது கணக்கில் வராது. இதில் பிழை இருந்தால் சொல்லுங்கள். நான் எத்தனையோ தடவை புரட்டிப் பார்த்துவிட்டேன்.

ஆடி மாதத்தில் அவன் தன் சொந்த வண்டியில் நிலக்கடலை ஏற்றிப் போகவேண்டி வந்தது. முந்தின சாயங்காலம் அதன் கடையாணியைக் கொஞ்சம் தளர்த்தி வைத்தேன். கோரையாற்றுச் சரிவில் சக்கரம் கழன்றது. வண்டி குடை சாய்ந்தது. சென்னியப்பன் முன்னால் போன வைக்கோல் வண்டியின் மேல் விழுந்து, எழுந்து, வேட்டியைத் தட்டிக் கட்டிக்கொண்டான். எனக்கு உண்மையிலேயே சந்தோஷம். அவன் பிழைத்ததைவிட, என் கட்சி ருசுவானதே என்றுதான்.

"பாத்தியா, உனக்கு ஆயுசு கெட்டி" என்றேன்.

"ஆயுசா? சக்கரம் ஆடறப்பவே சுதாரிச்சு நாந்தான் குதிச்சேன்" என்றான்.

ருசுவையே தூக்கிக்கொண்டு போய்விட்டான். அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

அடுத்து ஐப்பசியில், என் வீட்டுக்கு வந்தவனுக்கு ஒரு சொம்பு மோர் கொடுத்தேன். அதில் அரளி விதை அரைத்துக் கலந்திருந்தேன். அவன் வாங்கிக் கீழே வைத்தான்.

"இன்னிக்கிருந்து நான் மோர் குடிக்கறதில்லை" என்றான்.

"ஏன், ஒடம்புக்கு ஆகலையா?"

"காரணம் ஒண்ணுமில்லை. வேண்டாம்னு நெனைச்சேன், உட்டுட்டேன். மனுசன்னா அப்படி ஒண்ணு முடியோணும்."

பிறந்தது முதல் மோர் குடித்தவன், அன்றைக்கென்று பார்த்துக் காரணமில்லாமல் விடுகிறான். இதைவிடப் பெரிய விதி உண்டா? அவனுக்கோ அதுவும் தன் சாமர்த்தியம். அந்தச் சொம்பை எடுத்துக் குடித்த என் மைத்துனன் கருப்புசாமியைப் பற்றி யாரும் இதுவரை கேட்கவில்லை. ஆகவே நானும் விட்டுவிடுகிறேன்.

பங்குனியில் அவன் கிணற்றில் மாடு கட்டித் தண்ணீர் இறைக்கும் கவலையின் உருளை இறுகிக்கொண்டது. எண்ணெய் போட வேண்டுமென்றால் கிணற்றுவாயில் குறுக்கே கிடக்கும் பலகையில் ஏறி நிற்கவேண்டும். அவன் மனைவி வள்ளியாத்தாள் அம்மா வீட்டுக்குப் போயிருந்தாள். நான் ஒத்தாசைக்குப் போனேன். காலை வேளை, நல்ல வெளிச்சம். அவன் ஏறினான். பலகை முறிந்தது.

எட்டிப் பார்த்தேன். பாதி ஆழத்தில் நீட்டிக்கொண்டிருந்த ஒரு படிக்கல்லை ஒற்றைக் கையால் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தான். இன்னொரு கை ஒடிந்திருந்தது. தண்ணீர்ச் சால் கட்டுகிற வடக்கயிறு என் காலடியில் கிடந்தது. எடுத்துக்கொண்டேன்.

"கந்தப்பா, வடத்தைப் போடு."

"போடறேன். இப்பவாச்சும் ஒத்துக்கோ, எல்லாம் விதின்னு."

அந்த நிலையிலும் அவன் யோசித்தான். வாதம் என்றால் அவன் அப்படித்தான், மதிப்புக் கொடுத்துப் பேசுவான்.

"ஒத்துக்க மாட்டேன்" என்றான். "வடத்தைப் போடறதும் போடாததும் உன்ற கையிலதான் இருக்குது."

நான் வடத்தைக் கீழே வைத்தேன். மெதுவாகத்தான் வைத்தேன், எறியவில்லை. பிறகு வேப்பமர நிழலில் உட்கார்ந்தேன். கொஞ்ச நேரத்தில் தண்ணீர்ச் சத்தம் கேட்டது.

இழவுக்கு ஊரே திரண்டது. பலகை உளுத்துப்போயிருக்கும் என்றார்கள். ஒருவரும் என்னைச் சந்தேகிக்கவில்லை. "அவன் விதி முடிஞ்சுபோச்சு" என்று ஒருவர் சொன்னார். எல்லாரும் தலையாட்டினார்கள். "எழுத்துங்க, எழுத்தை யாரு அழிக்கறது?" என்று வள்ளியாத்தாள் என்னிடமே சொல்லி அழுதாள். மருதாத்தாளும் அதையே சொன்னாள். பதினான்கு வருஷம் நான் தொண்டை கிழியச் சொல்லியும் கேட்காதவர்கள் ஒரே நாளில் என் கட்சிக்கு வந்துவிட்டார்கள். எனக்கு ஆனந்தமாக இருந்திருக்க வேண்டும். ஏனோ பாகற்காயைக் கடித்த மாதிரி இருந்தது. பதினாறு நாள் பொறுத்தேன். பதினேழாம் நாள் கால் தானாகக் கச்சேரி இருக்கும் சித்தூருக்கு நடந்தது. மேஜிஸ்ட்ரேட் எஜமான் முன்னால் போய் நின்றேன்.

எல்லாவற்றையும் உங்களுக்குச் சொன்னது போலவே சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார். குமஸ்தா எழுதினார். பிறகு சுருக்கத்தை வாசித்துக் காட்டினார். "பலகை முறிந்து மேற்படி சென்னியப்பன் கிணற்றில் விழுந்து, விதிவசத்தால் மரணம் சம்பவித்தது."

"அந்த வார்த்தைய அடிச்சுருங்க" என்றேன்.

"எந்த வார்த்தை?"

"விதிங்கறதை."

குமஸ்தா பேனாவைக் கீழே வைத்தார். "காலையிலிருந்து அதைத்தானே சொல்லிக்கொண்டிருக்கிறீர்?"

"பத்து மாசம் ரோசனை பண்ணுனது நானுங்க. மூணு நாளா ஒளிஞ்சொளிஞ்சு அந்தப் பலகையை அடியில அறுத்தது நானுங்க. வடத்தைக் கீழ வெச்சதும் நானுங்க. விதி வந்து எனக்கு ஒரு கை புடிச்சுதுங்களா?"