வால்வை மூடிவிட்டு வந்த பிரசங்கியார்

ஹலோ... தம்பி, அண்ணன்தான் பேசறேன். வச்சிடாத... ஆமா, சபையிலதான், பின் ரூம்ல. பாட்டு போயிட்டிருக்கு, முடிஞ்சதும் நான்தான் பேசணும்... ஆமாமா, போதகர் வெளியூர்ல. அதை விடு. உன் வீட்டுக்காரி உங்க அண்ணிக்கு போன் பண்ணியிருக்கா. பிளம்பர் வந்திருக்காராமே...

என்ன சத்தம் அது? சுத்தியலா?... டேய், நிறுத்தச் சொல்லு. முதல்ல நிறுத்தச் சொல்லு, அப்புறம் பேசுவோம்... இல்லடா, பைப்ல அடைப்பு இல்ல... மோட்டாரும் நல்லாத்தான் இருக்கு... எனக்கு எப்படித் தெரியும்னா... தெரியும்.

நிறுத்திட்டாரா?... எவ்வளவு ஒடைச்சாரு?... சமையல் ரூம் சுவத்து டைல்ஸ் எல்லாமா... அய்யோ.

காலையில படியில பாத்துக் கேட்டியே, தண்ணி வரலையேண்ணா, உங்களுக்கு வருதான்னு. நான் என்ன சொன்னேன்?... ஆங். மெயின் லைன்லயே வரலப்பா, நிர்வாகம் சரியில்ல, நாடே இப்படித்தான் இருக்குன்னு. பைபிளைக் கக்கத்துல வச்சுக்கிட்டு சொன்னேன். முகத்துல ஒரு மாத்தம் இல்ல பாரு, அதுதான் உங்க அண்ணனோட திறமை.

கேளு. மொட்டை மாடியில தொட்டிக்குக் கீழ ரெண்டு வால்வு இருக்குல்ல... ஆமா, உன்னோடது செவப்பு. அது மூடியிருக்கு... யாரு மூடினதா? மாடிச் சாவி யார்கிட்டடா இருக்கு?... ம்... ம். நான்தான்.

ஹலோ?... இருக்கியா? திட்டணும்னா திட்டு...

இதோ வரேன் ஐயா. இன்னும் ஒரு பாட்டு பாடச் சொல்லுங்க. கொஞ்சம் நீளமானதா பாத்து...

இல்ல, உன்னைச் சொல்லல, சபை மூப்பர் எட்டிப் பாக்குறாரு... சிரிக்கிறியா? சிரி. தலைப்பு என்ன தெரியுமா? சமுதாயப் பிரச்சனைகளுக்கு மூலகாரணம். வாரம் பூரா உக்காந்து எழுதினேன். அரசாங்கத்தை மாத்தினா போதாது, சட்டத்தை மாத்தினா போதாது, மனுஷ இருதயத்துல பாவம் இருக்கு, அதை ஆண்டவர்தான் மாத்தணும்னு... உண்மைதானே, நான் நம்புறேன். ஆனா உதாரணம்னு வந்தப்ப எல்லாரையும் கூப்பிட்டேன். லஞ்சம் வாங்குறவன் வந்தான், கலப்படம் பண்றவன் வந்தான், ஊரே வந்துச்சு. உங்க அண்ணன் மட்டும் வரல. அவரு மாடியில வால்வத் திருகிட்டிருந்தாரு.

என்ன சொல்றாரு பிளம்பர்?... எங்க பாத்தும் பிடிபடலையாமா? எப்படிப் பிடிபடும்? கோளாறு வெள்ளைச் சட்டைய இஸ்திரி போட்டு மாட்டிக்கிட்டு இங்க உக்காந்திருக்கு.

ஏன் மூடினேனா... வேணாம்டா, கேவலமா இருக்கும்... சரி. நேத்து சாயங்காலம் பால்கனியில நின்னு இந்தப் பிரசங்கத்தைப் பேசிப் பாத்துட்டிருந்தேன்ல. முடிச்சதும் கீழ இருந்து கைதட்டினியே... ஆமா, அதுக்குத்தான். நக்கல் பண்றேன்னு நெனச்சேன். படுத்தா தூக்கம் வரல. எந்திரிச்சதும் நேரா மாடிக்குப் போயிட்டேன். ஊர்ல எல்லாருக்கும் இருதயம் கெட்டுப்போச்சுன்னு எழுதின கையோட.

என்ன?... இல்ல, திரும்பச் சொல்லு... நிஜமாவா? பிடிச்சுப்போய்த்தான் தட்டினியா?... உன் வீட்டுக்காரியுமா?... எந்த இடத்துல?... அந்த இடம் உங்க அண்ணி நல்லால்லன்னு சொன்னாளே...

அப்ப மேல வந்து சொல்லியிருக்கலாம்ல... ஆமா... ஆமாடா, கதவு தட்டினது கேட்டுச்சு. நான்தான் தொறக்கல.

ம்... என்னது?... குடும்பத்தோடயா? நீங்க எப்பவும் ரெண்டாவது ஆராதனைக்குத்தானே... நான் பேசறேன்னுட்டு முதலுக்கே கிளம்பினீங்களா? குளிக்கத் தண்ணி இல்லாம...

...

இருக்கேன்டா. இல்ல, அழல... சரி, அழறேன், அதுக்கென்ன இப்ப? தம்பி, மன்னிச்சிடுடா... சரி விடுண்ணானு சொல்லாத. அது வேற, இது வேற. மன்னிச்சேன்னு வாயால சொல்லு. கூடப் பொறந்தவன்கிட்ட கோவத்தை வச்சுக்கிட்டு மேடை ஏறக்கூடாதுன்னு நம்ம ரெண்டு பேருக்கும்தானே சொல்லிக் குடுத்தாங்க... ம்... ம்... நல்லா இரு.

சுவத்தை நான் பூசிக் குடுக்கறேன்... மாடிச் சாவியா? என் பாக்கெட்லதான் இருக்கு. பாவத்தையும் பண்ணிட்டு சாவியையும் எடுத்துக்கிட்டு வந்திருக்கேன் பாரு... நீ வந்து வாங்கிக்கறியா? வேணாம், எல்லாருமே வாங்க... குளிக்கலன்னா என்னடா, அப்படியே வாங்க... பிளம்பரா? அவரும் வரட்டும். பாவம், மூலகாரணத்தைத் தேடித்தானே அவரும் அந்த அடி அடிச்சாரு.

இதோ ஐயா, வந்துட்டேன்... இல்லடா, எழுதினதை மடிச்சு வச்சாச்சு. வந்து முன்னாடி உக்காரு. பக்கத்துல யாராச்சும் மூக்கைப் பொத்தினா நீ ஒண்ணும் விளக்கம் சொல்லவேணாம். ஏன் என் தம்பி குளிக்காம வந்திருக்கான்னு நானே மைக்ல சொல்றேன். வைக்கிறேன்.