ஊருக்குப் போன கேசட்

டெய்ராவிலிருந்து பர்துபாய்க்குப் போகும் படகில் எனக்கு எதிரே இரண்டு தமிழர்கள். ஆபீஸ் விட்டு வருகிறவர்கள். எனக்கிருந்த அசதியில் கண்ணை மூடிக்கொண்டேன்; காதை மூட முடியவில்லை.

டையைக் கழற்றிச் சட்டைப் பையில் திணித்திருந்தவர் சொன்னார்: "அந்த ஒயின் பாரைக் கேசட்ல பிடிச்சு ஊருக்கு அனுப்பியிருக்கக் கூடாது சார்."

"எந்த ஒயின் பார்?" என்றார் கண்ணாடி போட்டவர்.

"டெய்ரா ஹோட்டல் ஒண்ணுல புதுசா இத்தாலிக்காரன் திறந்திருக்கானே, அதான். போன மாசம் ஃப்ரெண்ட்ஸ் இழுத்துட்டுப் போனாங்க. லெட்டருக்குப் பதிலா கேசட்லதானே வீட்டுக்குப் பேசி அனுப்பறேன்? அந்த மாசம் பேச விஷயமே இல்ல. டேப் ரெக்கார்டரைக் கையோட கொண்டுபோய் அந்த பார் மேஜை மேலயே ஓட விட்டுட்டேன்."

"ஐயையோ! வீட்ல எல்லாரும் சுத்தி உக்காந்து கேப்பாங்களே!"

"கேட்டாங்க, மாமனார் உட்பட. கிளாஸ் சத்தம், எவனோ இன்னொரு பாட்டில் கேக்கறது, எல்லாம் விழுந்திருக்கு. நான் குடிச்சது ஆரஞ்சு ஜூஸ். யார் நம்புவா?"

"வீட்ல சண்டையா?"

"சண்டை போட்டிருந்தாப் பரவால்ல. நேத்து அவளோட பதில் கேசட் வந்துது. ஒயினைப் பத்தி ஒரு வார்த்தை இல்ல."

படகு கரையில் இடித்தது. இருவரும் எழுந்திருக்கவில்லை.

"பின்ன என்னதான் சொன்னாங்க?"

"'நீங்க இவ்வளவு சத்தமாச் சிரிப்பீங்களா? கல்யாணமாகி ஆறு வருஷத்துல நான் கேட்டதே இல்லையே'ன்னா. அதுக்கப்புறம் கேசட் முடியற வரைக்கும் வெறும் ஃபேன் சத்தம்தான் சார்."