திரையில்லாத நலம்

பார்லி டீ ஜில்லென்று இருக்கிறது, நன்றி. வெயிலில் போலீஸ் ஸ்டேஷன் வரை நடந்து வந்ததில் தொண்டை வறண்டுவிட்டது. எதையும் மறைக்கிற தெம்பு எனக்கு இல்லை, ஐயா. கேட்பதற்கெல்லாம் சொல்லிவிடுகிறேன். நீட்டி முழக்கினால் நிறுத்துங்கள்.

எங்கள் கம்பெனி தனியாக வாழும் முதியவர்களைக் கவனித்துக்கொள்கிறது. ஆளுக்கு ஒரு டேப்லெட். தினமும் காலையில் அதில் ‘நலம்’ என்ற பொத்தானை அழுத்த வேண்டும். விருப்பமிருந்தால் பக்கத்தில் ஒரு வரி எழுதலாம். அது வெளியூரில் இருக்கும் பிள்ளைகளின் போனுக்குப் போகும். பதினொரு மணிவரை அழுத்தாவிட்டால் நாங்கள் போன் செய்வோம். எடுக்காவிட்டால் எங்கள் ஆபீஸ் ஹமாவோகா அம்மா நேரில் போய்ப் பார்ப்பார்.

நம் குரே ஊரின் மலைப்படிகளைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கார் ஏறாத வீடுகள்தான் பாதி. அந்த அம்மாவுக்கு ஐம்பத்தெட்டு வயது, வலது முழங்கால் தேய்ந்துபோனது. நூற்றெண்பது படி ஏறிப் போனால், கப்பல் பட்டறையில் வெல்டராக இருந்த இசோகாவா பெரியவர் பேஸ்பால் பார்த்துக்கொண்டிருப்பார்.

“செத்துட்டேனான்னு பாக்க வந்தியா? பொத்தான அமுக்கலன்னா மனுஷன் காலியா? சரி, வந்தது வந்துட்ட, ரெண்டு ஆரஞ்சு எடுத்துட்டுப் போ” என்பாராம்.

ஆபீஸுக்குத் திரும்பி, முழங்காலில் ஐஸ் பையை வைத்துக்கொண்டு அந்த அம்மா சொல்வார்: “நிஷிவாகி தம்பி, இந்த மாசம் இது ஒம்பதாவது தடவ. அந்தாளு குத்துக்கல்லாட்டம் இருக்காரு. என் முட்டிதான் போயிடுச்சு.”

கேட்கக் கேட்க எனக்கு வேதனையாக இருந்தது.

என் வேலை சோதனை. திரையே இல்லாத பிரவுசர் ஒன்று உண்டு. மனிதன் செய்வதையெல்லாம் அது செய்யும்: பக்கத்தைத் திறக்கும், பெயரை எழுதும், பொத்தானை அழுத்தும். கண்ணுக்குத்தான் ஒன்றும் தெரியாது. ஊர் உலகத்துக் கம்பெனிகளெல்லாம் தங்கள் தளம் ஒழுங்காக ஓடுகிறதா என்று இப்படித்தான் பார்க்கின்றன. எங்களுடையது காலை ஆறு மணிக்கு ஒரு பொய்ப் பெயரில் உள்ளே போய் ‘நலம்’ அழுத்திவிட்டு வெளியே வரும். ஏப்ரலில் அந்தப் பொய்ப் பெயருக்குக் கீழே இசோகாவாவின் பெயரையும் சேர்த்தேன். நான்கு வரி வேலைதான்.

பிறகு மறதிக்காரர்கள் இன்னும் ஐந்து பேர். ஜூனில் நாற்பத்தொரு பேர். எல்லோரும் ஒரே நிமிடத்தில் அழுத்தினால் நன்றாக இருக்காது என்பதால் நேரத்தை முன்னே பின்னே மாற்றிவைத்தேன். ஏமாற்றுவதற்காக அல்ல, ஹமாவோகா அம்மா வீணாகக் கவலைப்படுவாரே என்றுதான்.

காலைக் கூட்டத்தில் மேலாளர் ‘பதில் வராதவர் யாருமில்லை’ என்று வாசித்தபோது எல்லோரும் கைதட்டினார்கள். ஹமாவோகா அம்மா எனக்கு இலை வடிவ கேக் ஒரு பெட்டி வாங்கி வந்தார். “என்ன மாயமோ தெரியல தம்பி, பெருசுங்க எல்லாம் திருந்திடுச்சு” என்றார். அந்தச் சிரிப்பைப் பார்த்து எத்தனை நாளாகியிருந்தது.

அந்த ஒரு வரி விஷயத்துக்கு வருகிறேன். இசோகாவாவுக்கு சிசுரு என்று ஒரு மகள், வடக்கே சப்போரோவில் இருக்கிறார். அவர் கல்யாணத்துக்கு அப்பா போகவில்லை. எட்டு வருடமாகப் பேச்சுவார்த்தை இல்லை. பெரியவர் டேப்லெட்டைத் திறந்தே பார்ப்பதில்லை. சார்ஜர் ஒயரோடு டிவிக்குப் பின்னால் செருகிவைத்திருந்தார். மகளோ தினமும் அதில் எழுதிக்கொண்டிருந்தார்: “வெறும் பொத்தான் மட்டும்தானாப்பா? ஒரு வார்த்தை பேசக்கூடாதா?”

பார்த்துக்கொண்டு சும்மா இருக்க எனக்கு மனசு வரவில்லை. “நல்லா தூங்கினேன். அங்க குளிர் விட்டுச்சா?” என்று எழுதினேன். ஒரு நிமிடத்துக்குள் பதில் வந்தது. “அப்பா, அழுகையா வருது” என்று இருந்தது. அதற்குப் பிறகு எப்படி நிறுத்துவது, நீங்களே சொல்லுங்கள். தினமும் ஒரு வரி எழுதினேன்.

ஜூலை பத்தொன்பது. எட்டேகாலுக்கு அவருடைய டேப்லெட் அணைந்துவிட்டதாக எச்சரிக்கை வந்தது. காரணமில்லாமல் இப்படி நாளுக்கு முப்பது வரும். எங்கள் வேலையில் அவற்றை வாயடைத்துவிட்டு மேலே போவதுதான் வழக்கம். தரையில் விழுந்து எழ முடியாமல் கிடந்தவர் டேப்லெட்டைக் கீழே கொண்டுவர ஒயரைப் பிடித்து இழுத்திருக்கிறார் என்று இப்போது நீங்கள் சொல்லித்தான் தெரியும்.

ஆனால் எச்சரிக்கையை நான் பார்த்தேன், ஐயா. வாயடைத்தது நான்தான். அவர் மூன்று வருடத்தில் ஒருநாளும் அதை அணைத்தவரில்லை என்பதும் எனக்குத் தெரியும். ஹமாவோகா அம்மா அடுத்த மேசையில்தான் இருந்தார். ‘ஒரு எட்டு போய்ப் பாருங்க’ என்றால் போயிருப்பார். போயிருந்தால், திறந்தே பார்க்காத டேப்லெட்டிலிருந்து தினமும் எப்படி ‘நலம்’ வந்தது என்று கேட்டிருப்பார். அன்று பார்த்து மகளிடமிருந்து வேறு வந்திருந்தது: “ஓபோன் பண்டிகைக்குக் குழந்தையோட வர்றேன்பா. வரட்டுமா?”

“வாம்மா, காத்திட்டிருக்கேன்” என்று எழுதினேன். பத்து நாற்பத்தேழுக்கு ‘நலம்’ போனது.

விழுந்த பிறகு இரண்டு நாள் உயிர் இருந்தது என்று உங்கள் டாக்டர் எழுதியிருக்கிறார். அப்படியென்றால் நான் அந்த வரியை எழுதியபோது அவர் தரையில் கண் விழித்துக் கிடந்திருக்க வேண்டும். ஆகஸ்ட் பதின்மூன்றாம் தேதி பண்டிகைக்கு வந்து கதவைத் திறந்தது மகள்தான். அன்று காலையும் பெரியவர் ‘நலம்’ அழுத்தியிருந்தார். நீங்கள் எங்கள் ஆபீஸ் படியேறியது நியாயம்தான்.

அவற்றில் எந்த வரிகள் அப்பா எழுதியவை என்று சிசுரு கேட்கிறாராம். ஒன்றுகூட இல்லை என்று சொல்லிவிடுங்கள். இனி அவரிடம் பொய் சொல்ல எனக்கு விருப்பமில்லை. ஆனால் எட்டு வருடம் வாய் திறக்காத மனிதரிடமிருந்து நான்கு மாதம் அவருக்கு ஓர் அப்பா கிடைத்தார். அதைக் கொடுத்தது யார் என்பதையும் அந்தத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள், ஐயா.