கோயில் பொலிஷ்

பித்தளைக்குப் பழப்புளியை மிஞ்சிய சாமான் இல்லை. மொழிபெயர்க்க வந்திருக்கும் இந்தப் பிள்ளைக்கு அது தெரிந்திருக்கும், கேட்டுப் பாருங்கள். புளியைக் கரைத்து, கொஞ்சம் உப்புப் போட்டு, ஊறவைத்துத் தேய்த்தால் கறுப்பெல்லாம் கழன்றுவிடும். மேசையில் நீங்கள் பையில் போட்டு வைத்திருக்கிறீர்களே துவக்கு ரவைக்கோதுகள், அவற்றையும் இரண்டு வருடமாக அப்படித்தான் மினுக்கினேன்.

என் பெயர் நீக்கிலாப்பிள்ளை. வயது அறுபத்தெட்டு. மொன்ட்ரியாலுக்கு வந்த நாளிலிருந்து துப்புரவு வேலை. வேலையை விட்ட பிறகும் சனிக்கிழமைகளில் கோயிலுக்குப் போய், மாதாவின் முன்னால் இருக்கும் மெழுகுதிரித் தாங்கிகளை மினுக்கிக் கொடுப்பேன். அதற்கென்று ஒரு பொலிஷ் இருக்கிறது. மூடியைத் திறந்தாலே கண் எரியும்.

மருமகன் டனிஸ்ரன் மான் வேட்டைக்குப் போகிறவர். கடையில் ரவை வாங்கமாட்டார். சுட்டு முடிந்த கோதுகளைப் பொறுக்கி வந்து, பேஸ்மென்டில் வைத்துப் புது வெடிமருந்து நிரப்பித் திரும்பப் பாவிப்பார். நிரப்ப முன்னம் கோது சுத்தமாக இருக்க வேண்டும். அரைத்த வால்நட் ஓட்டுத் தூளுக்குள் போட்டு உருட்டுகிற மெஷின் ஒன்று வைத்திருந்தார். அது பழுதானதும், "மாமா, சும்மாதானே இருக்கிறியள்" என்று வாளியை என்னிடம் தந்துவிட்டார். மன்னாரில் இந்த வெடிச்சத்தத்துக்குப் பயந்துதான் நான் ஓடி வந்தேன். அதைச் சொல்லி விளங்கப்படுத்தவும் அலுப்பாக இருந்தது. வாங்கிக்கொண்டேன்.

ஒன்றை மட்டும் இரண்டு தரம் சொன்னார். "கோயில் பொலிஷை இதுக்குக் கிட்டவும் கொண்டுவராதேங்கோ மாமா. அதில அமோனியா கிடக்கு. பித்தளை உள்ளுக்க நொருங்கிப் போகும், வெளியில தெரியாது. சுடேக்க முகத்தில வெடிக்கும்."

ஆவணி மாதம், சோறு போட்டுக்கொண்டே மகள் அனோஜினி சொன்னாள். "அப்பா, தை மாதம் நாங்கள் கல்கரிக்குப் போறம். இவருக்கு அங்க கராஜில வேலை சரிவந்திட்டுது. நீங்கள் இங்கயே இருங்கோ. உங்களுக்குக் கோயில் இருக்குத்தானே."

மனைவி சிசிலி செத்துப்போய் ஆறு வருடம். செயின்ட்-மிஷேலில் அந்த வீட்டில் நானும் மகளும் மருமகனும்தான். நான் சண்டை பிடிக்கவில்லை. கோயில் இருக்குத்தானே என்ற சொல் மட்டும் சோற்றுக்குள் கல்லுப்போல அகப்பட்டது. விழுங்கிவிட்டு, ஓம் என்றேன்.

அதற்கடுத்த வாளிக்கு நான் புளி கரைக்கவில்லை.

ஒருவரையும் கொல்ல நினைக்கவில்லை, அதைச் சரியாக எழுதிக்கொள்ளுங்கள். டனிஸ்ரன் கராஜில் கையால் வேலை செய்கிறவர். கையில் ஒரு காயம் பட்டால் கல்கரி வேலை வேறு யாருக்காவது போய்விடும், உயிர்த்த ஞாயிறுக்குள் காயமும் ஆறிவிடும் என்று கணக்குப் போட்டேன். முகத்தில வெடிக்கும் என்று அவர் சொன்னது நினைவில் இருந்தது. இருந்தாலும் கை என்றே நினைத்துக்கொண்டேன். முப்பது கோதுகள். பொலிஷ் மணம் போக நன்றாக அலசி, துவாயில் பரப்பிக் காயவைத்துக் கொடுத்தேன். "மாமா, இந்தமுறைதான் கண்ணாடி மாதிரி மினுங்குது" என்றார். அவர் என்னைப் புகழ்ந்தது அந்த ஒரு தடவைதான்.

கோடையில் அனோஜினியும் துவக்கு லைசென்ஸ் எடுத்திருக்கிறாள். எனக்கு ஒருவரும் சொல்லவில்லை. கார்த்திகையில் வேட்டைக்கு அவளும் கூடப் போய், காட்டிலே மானைக் கண்டதும், "நீ சுடு" என்று டனிஸ்ரன் துவக்கை அவளிடம் கொடுத்திருக்கிறார்.

அவளுடைய வலது கண் போய்விட்டது. மற்றதில் வெளிச்சம் மட்டும் தெரிகிறது.

ஆஸ்பத்திரியில் மருமகன் என் கையைப் பிடித்துக்கொண்டு குழந்தைபோல அழுதார். "வெடிமருந்தைக் கூடுதலாப் போட்டிட்டன் மாமா. என்ர பிழை. நான்தான் அவளின்ர கண்ணை எடுத்தனான்." எனக்கும் நெஞ்சு வலித்தது, அது பொய்யில்லை. அவருடைய முதுகைத் தடவி, "ஓம் தம்பி, அப்பிடித்தான் நடந்திருக்கும்" என்றேன். வேறு என்ன சொல்வது?

பிறகு அவர் வீட்டுக்குள் வரும்போதெல்லாம் அவள் திடுக்கிடுகிறாள் என்று எனக்குப் பட்டது. "உம்மட குரலைக் கேட்டாலே பிள்ளைக்கு அந்தச் சத்தம் ஞாபகம் வருது. கொஞ்ச நாள் தள்ளி இரும்" என்றேன். ஓம் மாமா என்று உடுப்பை எடுத்துக்கொண்டு லவாலுக்கு, சிநேகிதன் வீட்டுக்குப் போய்விட்டார். இவர் ஏன் வரவில்லை என்று அவள் கேட்டாள். அவருக்கு உன்னைப் பார்க்கக் கஷ்டமாக இருக்காம் என்று சொல்லி வைத்தேன். அதற்குப் பிறகு அவள் கேட்கவில்லை.

தையும் முடிந்து மாசி வந்துவிட்டது. நாங்கள் இரண்டு பேரும் அமைதியாகத்தான் இருக்கிறோம். நான் சோறு குழைத்துக் கொடுக்கிறேன், அவள் சாப்பிடுகிறாள். நேற்றுப் பொலிஸ் என்று நீங்கள் கதவைத் தட்டும்வரை ஒரு குறையும் இருக்கவில்லை.

மிச்சமிருந்த கோதுகளில் வெடிப்பு இருக்கிறதென்று உங்கள் ஆய்வுகூடம் எழுதியிருப்பது சரி. நான்தான் செய்தேன். கையெழுத்து எங்கே வைக்க வேண்டும் என்று காட்டுங்கள், களைத்துப்போனேன். ஆனால் கொஞ்சம் கெதியாக முடியுங்கள். நாலு மணிக்கு அவளுடைய கண்ணுக்கு மருந்து விட வேண்டும். நான் போகாவிட்டால் அவளைப் பார்க்க வேறு யார் இருக்கிறார்கள்?