அண்ணனுக்காக ஒரு முழுக்கு

“ஹலோ... ஆங், சொல்லு தம்பி. கேக்குது, கேக்குது... ஆலயத்துக்குப் போயிட்டு ஊர் வந்து சேர்ந்துட்டியா? நல்லதாப் போச்சு. நாளைக்கு வகுப்புல உங்க மோர்மோன் சபையைப் பத்தித்தான் பாடம். நான் கேக்கறதுக்குப் பதில் சொல்லிட்டுப் போய்த் தூங்கு.”

பேசியவள் வேதாகமக் கல்லூரியில் சபை வரலாறு நடத்தும் டீச்சர்; மறுமுனையில் இருந்தவன் அவளுடைய கணவரின் தம்பி. வகுப்பு முடிந்து எல்லாரும் போய்விட்டார்கள். போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு, கரும்பலகையை மூன்றாகப் பிரித்திருந்தாள்: ஆதித் திருச்சபை, அது ஒதுக்கிவைத்த ஞானவாதிகள், பிற்காலத்தில் அமெரிக்காவில் தோன்றிய மோர்மோன்கள். இவளுக்குத் தெரிந்த ஒரே மோர்மோன் கொழுந்தன்தான்.

“முதல்ல... பிறக்கறதுக்கு முன்னாடியே உயிர் கடவுள்கிட்ட இருந்துச்சுங்கறீங்க, இல்லையா? ... ஆமா, ஆமா. ஆதிச் சபையிலயும் ஒரு பெரிய ஆள் அதையே சொன்னார். அப்புறம் சபையே அவரை ஒதுக்கி வெச்சிருச்சு... சிரிக்காதே. அடுத்தது, ஞானவாதிங்க. செத்த உயிர் மேலே போறப்ப வாசலுக்கு வாசல் காவல் இருக்கும், ரகசியச் சொல்லைச் சொன்னாத்தான் உள்ளே விடுவாங்கன்னு நம்பினாங்க. உங்க ஆலயத்துலயும் அப்படி ஏதோ... வெளியில சொல்லக்கூடாதா? சரி, சரி, விடு. உன் வாயைக் கிளறல.”

அவனிடம் இவ்வளவு உற்சாகத்தைக் கேட்டு நாளாயிற்று. கணவர் காணாமல் போய் நாலு வருஷம். அண்ணனும் தம்பியும் கிணற்றில் மோட்டார் இறக்கும் வேலைக்கு லாரியில் போனார்கள். தம்பி மட்டும் திரும்பி வந்தான். யாரையோ பார்க்க வேண்டுமென்று அண்ணன் பஸ் ஸ்டாண்டில் இறங்கிக்கொண்டதாகச் சொன்னான். ஊர் வாய்க்கு வந்தபடி பேசியது. போலீசார் துருவித் துருவிக் கேட்டார்கள். அவள் ஒருத்திதான் கொழுந்தன் பக்கம் நின்றாள். மறுவருஷம் அவன் மதம் மாறினான், குடியை விட்டான், பொய்யையும் விட்டேன் என்று சொல்லிக்கொண்டான். கணவரின் சட்டைகள் இன்னமும் இஸ்திரி போட்டு அலமாரியில் தொங்குகின்றன. என்றாவது வாசலில் வந்து நிற்பார் என்று அவள் மனதார நம்பினாள்.

“ஆனா ஒண்ணு. ஞானவாதிக்கு உடம்புன்னா சிறை. கழட்டிப் போட்டாத்தான் விடுதலை. நீங்க அப்படியே நேரெதிர்... ஆங், அதான். கடவுளுக்கே உடம்பு உண்டுங்கறீங்க. உடம்பும் உயிரும் திரும்பச் சேர்ந்தாத்தான் முழு மனுஷன்... அழகாச் சொன்னே. இரு, அப்படியே பலகையில எழுதிக்கறேன்.”

எழுதினாள். சாக்பீஸ் தூளை ஊதிவிட்டாள்.

“கடைசிக் கேள்வி. செத்தவங்களுக்குப் பதிலா உயிரோட இருக்கறவங்க முங்கி எடுக்கற ஞானஸ்நானம். ஆதியில சில கூட்டம் செஞ்சுது, பிறகு சபை தடுத்துருச்சு. நீங்க இன்னைக்கும்... நீயுமா? இப்போ போனப்பவா? ... உங்க தாத்தாவுக்கு. சரி... உங்க மாமாவுக்கும். ஆமா, பாவம், தங்கமான மனுஷன்... அப்புறம்?”

சாக்பீஸ் பலகையிலேயே நின்றது.

“யாருக்கு?”

வராந்தாவில் காவலாளி ஒவ்வொரு கதவாகப் பூட்டிக்கொண்டு தூரமாய்ப் போனான்.

“இல்ல, இல்ல... கோவமில்ல. சொல்லு. தண்ணியை விட்டு எழுந்தப்ப அண்ணன் உன்னை மன்னிச்ச மாதிரி இருந்துச்சா... ம்... ம்... அழாதே. நிதானமாச் சொல்லு. உயிரோட இருக்கறவங்களுக்கு இதைச் செய்யக்கூடாது, இல்ல? ... கூடவே கூடாது. ம். நானும் பாடத்துல அப்படித்தான் எழுதியிருக்கேன்.”

முதல் பெஞ்சில் உட்கார்ந்தாள். போலீசிடம் சமாளித்தவன், நாலு வருஷம் இவள் முகத்தைப் பார்த்துப் பேசியவன், அண்ணனை மட்டும் மோட்ச வாசலுக்கு வெளியே நிற்க வைக்க அவனால் முடியவில்லை. அந்தப் பாசம்தான் அவனைக் காட்டிக் கொடுத்துவிட்டது.

“எப்போ இறந்தார்னு சபையில கேட்டிருப்பாங்களே. என்ன சொன்னே? ... அந்த நாளேவா? பஸ் ஸ்டாண்டுல இறங்கினார்னியே, அதே நாளா? ... தம்பி, பேசு... என்ன? ... யாரும் கேக்கல. எல்லாரும் போயாச்சு. தனியாத்தான் இருக்கேன்.”

சொன்ன பிறகுதான் சொல்லியிருக்க வேண்டாமே என்று உறைத்தது. எழுந்து போய் வகுப்பறைக் கதவை உள்பக்கமாகத் தாழிட்டாள். தாழ் சரியாக விழவில்லை.

“எதுக்கு இங்க வர்றே? ... வேணாம். போன்லயே சொல்லு... வராதேன்னு சொல்றேன்ல. நாலு வருஷமா வாசலைப் பார்த்துக்கிட்டு உக்காந்திருக்கேன்டா.”

கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவள் அவனை டா போட்டதில்லை. மறுமுனையில் லாரி என்ஜின் உறுமிக் கிளம்பியது.

“உயிருக்குச் செய்ய வேண்டியதைச் செஞ்சுட்டே. சரி. உடம்பில்லாம முழு மனுஷன் இல்லேன்னு இப்பத்தான் சொன்னே, எதிர்ல எழுதி வெச்சிருக்கேன்... அவர் உடம்பு எங்கே? ... தம்பி. எந்தக் கிணத்துல?”

லைன் அறுந்துவிட்டது.