தீட்டா கழித்த வீடு

குஞ்சம்மா: கத்தாதே பாக்கியம்! கத்துனா உண்மை பொய்யாயிடுமா? தீட்டு கழிக்கணும், தீட்டு கழிக்கணும்னு கொஞ்ச நாளா இந்த வீட்டுல ஒரே பேச்சு. பக்கத்து வீட்டுல இருந்து என் ரெண்டு காதால கேட்டேன்!

பாக்கியலட்சுமி: நான் எங்க அத்தை கத்துறேன்? உங்க சத்தம்தான் ஸ்டேஷன் வரைக்கும் கேக்குது. அப்பா கொடியைப் போட்டுட்டு ஓடி வரப்போறாரு.

குஞ்சம்மா: வரட்டுமே! ரயிலுக்குக் கொடி காட்டத் தெரிஞ்ச மனுசனுக்குச் சொந்த வீட்டுல என்ன ஓடுதுன்னு தெரியல...

நாகமுத்து: அத்தை, முதல்ல உக்காருங்க.

குஞ்சம்மா: தீட்டு வீட்டுல நான் உக்காரவா? ஏண்டா நாகமுத்து, சிங்கப்பூர் காலேஜுக்கு உங்கப்பா வாயைக் கட்டி வயித்தைக் கட்டி அனுப்பி வச்சா, லீவுக்கு வந்து கூடப் பொறந்த தங்கச்சிக்கு மந்திரிக்கிறியா?

நாகமுத்து: மந்திரிக்கிறேனா!

குஞ்சம்மா: பின்ன? எலுமிச்சம்பழத்தை நூல்ல கட்டி நடு வீட்டுல நின்னு சுத்தல? உங்க சுவத்துப் பலகைச் சந்துல நான்...

பாக்கியலட்சுமி: பலகைச் சந்துல?

குஞ்சம்மா: ...கரப்பான் ஓடுதான்னு பாத்தேன். அப்ப கண்ணுல பட்டுச்சு.

பாக்கியலட்சுமி: தினமுமா கரப்பான்?

குஞ்சம்மா: பெரிய கரப்பான்லா அது. பேச்சை மாத்தாதே. கான்வென்ட் சிஸ்டர் சொன்னாங்கன்னு, நானும் சிங்கப்பூருக்குப் படிக்கப் போறேன்னு மூக்கைச் சிந்திக்கிட்டுக் கிடந்தே. தாம்பூலம் மாத்துனதும் அந்தப் பைத்தியம் தெளிஞ்சுதுன்னு நெனச்சா, இப்ப இது! தை பொறந்தா கல்யாணம். குருபோங் தோட்டத்துக்கே கணக்கெழுதுற கிராணி வீடு, சாமானியமா? வீராசாமி கிராணி காதுல இது விழுந்தா...

நாகமுத்து: அத்தை, உங்களைக் கும்பிட்டுக் கேக்கறேன். குருபோங்குக்கு மட்டும் இந்தப் பேச்சு போகவே கூடாது.

பாக்கியலட்சுமி: குருபோங்குக்கு இப்ப பஸ் இருக்கா அண்ணே?

நாகமுத்து: ஏய், நீ சும்மா இரு! அத்தை, நல்லாக் கேளுங்க. அது தீட்டு இல்ல. தீட்டா.

குஞ்சம்மா: தீட்டாத்தான் இருக்குன்னு நானும் சொல்றேன்.

நாகமுத்து: ஐயோ... அது ஒரு எழுத்து அத்தை. கிரேக்கக்காரன் எழுத்து. நூல்ல பழத்தைக் கட்டிச் சுத்துனா நூல் சாஞ்சு நிக்கும்ல? எவ்வளவு சாயுதோ, அந்தக் கோணத்துக்குப் பேரு தீட்டா.

குஞ்சம்மா: கோணத்துக்கு வைக்க வேற பேரே கிடைக்கலயா?

நாகமுத்து: கிடைச்சுது. எங்க காலேஜ்ல இதுக்கு ஆல்ஃபான்னுதான் போட்டாங்க. இவதான் தீட்டா நல்லா இருக்குன்னு மாத்துனா.

குஞ்சம்மா: ஆல்ஃபான்னு விட்டிருந்தா அல்வான்னு நெனச்சு ஒரு கிண்ணத்தோட வந்திருப்பேன். இவ்வளவு வம்பு எதுக்கு? சரி, கழிக்கறது?

நாகமுத்து: கணக்குல ரெண்டு வரி வரும். ரெண்டுலயும் தீட்டா ஒட்டிக்கிட்டு நிக்கும். அது காணாமப் போற மாதிரி ரெண்டையும் சேக்கணும். அதுதான் கழிக்கறது.

குஞ்சம்மா: அப்ப முந்தாநாள், 'ரெண்டு பையை விட்டுட்டோம்'னு தலையில அடிச்சுக்கிட்டீங்களே? பாசார்ல விட்டீங்களோன்னு நான் வேற ரெண்டு பேரை விசாரிச்சேன்.

பாக்கியலட்சுமி: பையும் எழுத்துதான் அத்தை.

குஞ்சம்மா: உருப்படும்! எல்லாம் சரி, காலேஜ் கணக்கை இவளுக்கு எதுக்குடா சொல்லிக் கொடுக்கற? கிராணி வீட்டுல போயி தீட்டாவையா தாளிக்கப் போறா?

நாகமுத்து: கணக்குதான் அத்தை என்னோடது. விடை இவளோடது.

குஞ்சம்மா: என்ன... திருப்பிச் சொல்லு.

நாகமுத்து: பரீட்சையில கோட்டை விட்டுட்டேன். லீவு முடிஞ்சதும் மறுபடி எழுதணும். புரொபசர் போர்டுல போட்டதை எழுதி எழுதி வச்சிருக்கேன், மண்டையில ஏறல. ஒரு நாள் கணக்கை வாய்விட்டுப் படிச்சுக்கிட்டு இருந்தேன். இவ பானை கழுவிக்கிட்டே கேட்டா: 'ஏண்ணே, பழம் எவ்வளவு கீழ நிக்கும்னுதானே கேள்வி, விடையில நூலோட நீளத்தையே காணோமே?'ன்னு. எங்க வகுப்புல ஒருத்தன் அதைக் கேக்கல. நானும்தான்.

குஞ்சம்மா: நீளம் இல்லன்னா என்ன? அதுல என்ன அதிசயம்?

பாக்கியலட்சுமி: அதிசயத்தைக் காட்டவா? தள்ளி நில்லுங்க அத்தை. ரெண்டு நூல், மேல ஒரே முடிச்சு. ஒண்ணு சாண், ஒண்ணு முழம். நுனியில ஆளுக்கு ஒரு பழம். இப்ப எது கீழ தொங்குது?

குஞ்சம்மா: முழம். இதுக்குக் காலேஜ் வேற...

பாக்கியலட்சுமி: சுத்துனா?

குஞ்சம்மா: சுத்துனாலும் நீள நூல்தாண்டி கீழ நிக்கும்.

பாக்கியலட்சுமி: பாருங்க.

குஞ்சம்மா: ம்... அதான் சொன்னேனே, நீளம் கீழ... இரு. குட்டையும் கிளம்புது. இரு இரு... ஏண்டி! ஏண்டி பாக்கியம்! ரெண்டும் ஒரே மட்டத்துல சுத்துதேடி!

நாகமுத்து: தலையை இழுத்துக்குங்க அத்தை, படப்போவுது!

குஞ்சம்மா: பட்டாப் படட்டும். தாம்பாளம் வச்ச மாதிரி நிக்குதே... இன்னும் வேகமா சுத்து.

பாக்கியலட்சுமி: சுத்தறேன்.

குஞ்சம்மா: ரெண்டும் சேந்து மேல ஏறுது! சொல்லி வச்ச மாதிரி ஏறுது! நிறுத்து... இல்ல, நிறுத்தாதே... சரி, நிறுத்து. பெரிய பழத்தைக் கழட்டிட்டு சின்னதைக் கட்டு பாப்போம்.

பாக்கியலட்சுமி: கட்டினாலும் அதே மட்டம்தான். பாரமும் விடையில இல்ல அத்தை.

குஞ்சம்மா: நீளத்தைக் கேக்காது, பாரத்தைக் கேக்காது... அப்ப எதைத்தாண்டி கேக்கும்?

பாக்கியலட்சுமி: எவ்வளவு வேகமா சுத்துதுன்னு கேக்கும். பூமி எவ்வளவு இழுக்குதுன்னு கேக்கும். அவ்வளவுதான்.

குஞ்சம்மா: பூமி இழுக்குதா? எங்க வீட்டு எலுமிச்சம்பழத்தையா?

நாகமுத்து: உங்க வீட்டுப் பழமா இது?

குஞ்சம்மா: காம்பைப் பாத்தாத் தெரியாதா எனக்கு?

பாக்கியலட்சுமி: வேலிக்கு இந்தப் பக்கம் விழுந்து கிடந்துச்சு அத்தை. அதையும் பூமிதான் இழுத்துச்சு.

குஞ்சம்மா: வாய்... வாய்! ஆமா, சுத்திச் சுத்திப் பாத்துத்தான் இதைக் கண்டுபிடிச்சியா?

பாக்கியலட்சுமி: இல்ல. தீட்டாவைக் கழிச்சதும் காகிதத்துல வந்துச்சு. எனக்கே நம்பிக்கை வரல. அப்புறம்தான் பழத்தைக் கட்டினேன்.

குஞ்சம்மா: பழம் சுத்தறதுக்கு முந்தியேவா?

பாக்கியலட்சுமி: முந்தியேதான்.

குஞ்சம்மா: ஆத்தா... நடக்கறதுக்கு முன்னாடியே தெரிஞ்சுபோச்சா! ஜோசியக்காரன்கூட அப்படி இருக்கலாம், இப்படி இருக்கலாம்னு இழுப்பான்லா. இங்க பாருடா நாகமுத்து, என் கையை. மயிரெல்லாம் குத்திட்டு நிக்குது. தீமிதியில நெருப்புல எறங்குறப்பகூட எனக்கு இப்படி ஆனதில்ல.

நாகமுத்து: எனக்கும் அப்படித்தான் அத்தை இருந்துச்சு.

குஞ்சம்மா: இந்த மூளையைக் கொண்டுபோயி குருபோங்ல கோழிக்குத் தவிடு வைக்கவா... ஏண்டி, உங்கப்பாகிட்ட சொல்லிப் பாக்கலாம்லா?

பாக்கியலட்சுமி: சொன்னேன். தாம்பூலம் மாத்துன வாக்கு, பொண்ணு வீட்டுக்காரன் முறிச்சா நாளைக்குச் சபையில ஏற முடியாதுன்னுட்டாரு. அவங்களா முறிச்சாத்தான் உண்டு.

குஞ்சம்மா: கொஞ்சம் தண்ணி குடு.

நாகமுத்து: தீட்டு வீட்டுத் தண்ணியா?

குஞ்சம்மா: குடுடா! ...நான் நேத்தே பஸ் ஏறிட்டேன்.

நாகமுத்து: எங்க?

குஞ்சம்மா: குருபோங்குக்குத்தான். கிராணி வீட்டம்மா காப்பி குடுத்தாங்க. வாய் சும்மா இருக்குமா...

நாகமுத்து: போச்சு! எல்லாம் போச்சு!

பாக்கியலட்சுமி: என்ன சொன்னீங்க அத்தை? ஒரு வார்த்தை விடாம சொல்லுங்க.

குஞ்சம்மா: பொண்ணுக்கு ஏதோ தீட்டு பிடிச்சிருக்கு... அண்ணன்காரன் கழிக்கப் பாக்குறான்... முடியல... எலுமிச்சம்பழம் தானா அந்தரத்துல நிக்குதுன்னு...

பாக்கியலட்சுமி: தானாவா நிக்குதுன்னீங்க?

குஞ்சம்மா: காப்பி நல்லா இருந்துச்சுடி. கொஞ்சம் கூட்டித்தான் சொன்னேன்.

நாகமுத்து: இப்ப அப்பாகிட்ட யாரு சொல்றது?

பாக்கியலட்சுமி: தாம்பூலத் தட்டு திரும்பி வந்தா, அதுவே சொல்லும் அண்ணே.

*

குஞ்சம்மா: தம்பின் ஸ்டேஷன்ல வண்டி மாறணும், தூங்கிடாதே. அங்க போயி நாய்க்கும் நரிக்கும் கணக்குப் போட்டுக் குடுத்துக்கிட்டு இருக்காதே. டேய் நாகமுத்து, உன்னைத்தாண்டா சொன்னேன்.

நாகமுத்து: நான்தான் பாஸ் பண்ணிட்டேனே அத்தை!

குஞ்சம்மா: யாரு புண்ணியத்துல? உங்கப்பாவைப் பாரு, கொடியை வச்சுக்கிட்டு கண்ணைத் துடைக்கறாரு. தட்டு திரும்பி வந்தப்ப பேச்சு மூச்சு இல்லாமக் கிடந்த மனுசன். சிஸ்டர் வந்து பேசித்தான் எழுந்தாரு. இப்ப போறவன் வர்றவன்கிட்ட எல்லாம், 'எம்மவ சிங்கப்பூர் காலேஜு'ங்கறாரு.

பாக்கியலட்சுமி: நீங்க மட்டும் என்னவாம்? கிளேபாங் வரைக்கும் வீடு வீடாப் போயி பழத்தைச் சுத்திக் காட்டுறீங்களாமே.

குஞ்சம்மா: காட்டாம? ஒரு பய நம்பல. காட்டுன பிறகு வாய மூடல. கோயில் பண்டாரமே, 'இன்னொரு தடவை சுத்துங்கம்மா'ன்னாரு.

பாக்கியலட்சுமி: உங்க அக்கா மவ முத்தாயி எப்படி இருக்கா அத்தை?

குஞ்சம்மா: அவளுக்கென்ன, குருபோங் கிராணி வீட்டு மருமவ. வைகாசியில தாலி ஏறுச்சு. மாமியா கையால காப்பி குடிச்சுக்கிட்டு இருக்கா.

நாகமுத்து: விசில் ஊதியாச்சு. ஏறு பாக்கியம்.

குஞ்சம்மா: இருடா ஒரு நிமிசம். பாக்கியம், இதைச் சொல்லாம அனுப்புனா எனக்குத் தொண்டையில சோறு எறங்காது. அன்னைக்கு நான் குருபோங்குக்கு ஓடுனது... தீட்டுக்கு பயந்து இல்லடி. அந்த மாப்பிள்ளையை நம்ம முத்தாயிக்கு முடிக்கணும்னு எனக்கு ரொம்ப நாளா ஒரு கண்ணு.

பாக்கியலட்சுமி: தெரியும் அத்தை. ஆல்ஃபாவைத் தீட்டான்னு மாத்துனது பின்ன எதுக்குன்னு நெனச்சீங்க?